யமஹா டிஆர்பிஎக்ஸ்305: பி கம்பி படியும்வரை பாதி பேஸ்தான்

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் வட்டாரத்தில் திருவிழா மேடையிலும் தேவாலயப் பாடற்குழுவிலும் பேஸ் கிட்டார் வாசிப்பவர்கள் நாலு கம்பியை விட்டு ஐந்து கம்பிக்கு வருவதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். தொண்டை சரியில்லை, ஒரு கட்டை இறக்குங்கள் என்பார் பாடுகிறவர். கீபோர்டுக்காரர் டிரான்ஸ்போஸ் பொத்தானை அழுத்திவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார். மாட்டிக்கொள்பவர் பேஸ்காரர். நாலு கம்பி பேஸில் இ கம்பிதான் அடிமட்டம், அதாவது மூன்று கட்டை சுருதி. இரண்டு கட்டைப் பாட்டு, ஒரு கட்டைப் பாட்டு என்றால் ஆதார சுருதியை ஒரு ஸ்தாயி மேலே தூக்கித்தான் வாசிக்க வேண்டும். பாட்டின் கனமே போய்விடும். ஐந்தாவதான பி கம்பி 30.87 ஹெர்ட்ஸ் வரை இறங்குகிறது. ஒரு கட்டை சி, 32.7 ஹெர்ட்ஸில், அதன் முதல் ஃபிரெட்டிலேயே (நெக்கின், அதாவது கழுத்தின், குறுக்கே பதித்த உலோகப் பட்டை) கிடைத்துவிடும்.

அந்தத் தேவைக்கு அதிகம் செலவழிக்காமல் வாங்கக்கூடிய கருவிகளில் யமஹாவின் டிஆர்பிஎக்ஸ்305 முக்கியமானது. மரமும் இரும்பும் சொன்ன வேலையைச் செய்யும். ஆனால் இதை, இதை மட்டுமல்ல, இந்த விலை வரிசையில் எந்த ஐந்து கம்பி பேஸையும், கடையில் சுவரிலிருந்து எடுத்துப் பத்து நிமிடம் வாசித்துவிட்டு முடிவு கட்டக் கூடாது. தொழிற்சாலையில் வைக்கும் கம்பி உயரம் யாருக்கும் இடிக்காத நடுத்தர உயரம். உங்கள் விரலுக்கும் இந்த ஊர் வெயிலுக்கும் ஏற்றதை நீங்கள்தான் வைக்க வேண்டும். அதனால் இந்த மதிப்புரையில் பாதிக்கு மேல் செட்டப், அதாவது கருவியை வாசிப்பவருக்கு ஏற்றபடி சரிசெய்வது, பற்றியதே.

முதலில் கருவி. உடல் மஹோகனி; நெக் மேப்பிளும் மஹோகனியும் மாறி மாறி ஒட்டிய ஐந்து துண்டு. 24 ஃபிரெட், ஸ்கேல் நீளம் (கம்பி அதிரும் நீளம்) 34 அங்குலம், அதாவது 863.6 மி.மீ. நட்டின் (தலைப்பக்கம் கம்பிகள் தங்கும் பள்ளங்கள் உள்ள துண்டு) அகலம் 43 மி.மீ., பிரிட்ஜில் (உடல் பக்கம் கம்பிகளைத் தாங்கும் உலோகப் பகுதி) கம்பிக்குக் கம்பி இடைவெளி 18 மி.மீ. இந்த இரண்டு எண்களும் கைக்கு எப்படி இருக்கும் என்பதைச் சொல்லிவிடுகின்றன. 43 என்பது ஐந்து கம்பிக்குக் குறுகலானது. நட் பக்கம் இரு கம்பிகளின் நடுவிலிருந்து நடுவுக்குச் சுமார் 9 மி.மீ. தான் வரும். சிறிய கை உள்ளவர்களுக்கும் நாலு கம்பியிலிருந்து புதிதாக மாறுகிறவர்களுக்கும் இது வரம். விரல் தடித்தவர்களுக்கு முதல் மூன்று ஃபிரெட்டுகளில் பக்கத்துக் கம்பி இடறும். ஸ்லாப், அதாவது கட்டை விரலால் கம்பியைத் தட்டி, வாசிப்பவர்களுக்கு 18 மி.மீ. போதும், தாராளம் என்று சொல்ல முடியாது.

ஃபிங்கர்போர்டின் (நெக்கின் மேல் விரல் படும் பலகை) வளைவு ஆரம் 600 மி.மீ. கிட்டத்தட்டத் தட்டை. ஆக்‌ஷனைத் தாழ்த்த, அதாவது ஃபிரெட்டுக்கு மேல் கம்பி நிற்கும் உயரத்தைக் குறைக்க, இது உதவும். ஆனால் சேடில்களை (பிரிட்ஜில் ஒவ்வொரு கம்பியும் தங்கும் துண்டுகள்) ஒழுங்குபடுத்தும்போது பலர் கோட்டை விடும் இடமும் இதுதான். அதைப் பின்னால் பார்ப்போம்.

எலெக்ட்ரானிக்ஸ் முழுக்க ஆக்டிவ். பேட்டரி தீர்ந்தால் பேஸ் ஊமை. பேட்டரி இல்லாமல் ஒலிக்கும் பாசிவுக்கு மாற்றும் சுவிட்ச் இதில் கிடையாது. ஐந்து நிலை சுவிட்ச் ஒன்று இருக்கிறது: ஸ்லாப், பிக், ஃபிளாட், ஃபிங்கர், சோலோ. செட்டப் செய்யும்போது அது ஃபிளாட்டில் இருக்கட்டும். ஸ்லாப் நிலையில் வைத்துக்கொண்டு ஃபிரெட் சத்தத்தைக் கேட்டால் இல்லாத வியாதிக்கு வைத்தியம் பார்ப்பீர்கள்.

கம்பி மாட்டுவதில் போகும் பாதி உயிர்

செட்டப்பின் முதல் படி புதுக் கம்பி. பழைய கம்பியை வைத்து இன்டொனேஷன் (எல்லா ஃபிரெட்டிலும் சுருதி சரியாக நிற்பது) பார்ப்பது வீண். ஃபிரெட் பட்ட இடங்களில் அது நசுங்கியிருக்கும், அழுக்கு ஏறிய இடத்தில் எடை கூடியிருக்கும், எங்கே வைத்தாலும் சுருதி கோணும்.

அளவு என்ன? வழக்கமான ஐந்து கம்பி செட் 45-65-80-100-130 (ஜி, டி, ஏ, இ, பி கம்பிகளின் தடிமன், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்). பி கம்பி தொளதொளவென்று இருக்கிறது என்று புகார் சொல்பவர்களுக்கு 35 அங்குல ஸ்கேல் பேஸ் வாங்கச் சொல்லி யோசனை வரும். கணக்குப் போட்டுப் பாருங்கள். இழுவிசை நீளத்தின் வர்க்கத்தோடு போகிறது. 34-லிருந்து 35-க்குப் போனால் சுமார் 6 சதவீதம்தான் கூடும். அதே 34 அங்குலத்தில் 130-ஐ எடுத்துவிட்டு 135 போட்டால் கிட்டத்தட்ட 8 சதவீதம் கூடும். புது பேஸ் வாங்கும் பணத்துக்குப் பதில் ஒரு கம்பி செட் விலை. இலவசமாகக் கிடைப்பதில்லை, சரி: தடித்த கம்பி விறைப்பானது, அதனால் மேல் ஃபிரெட்டுகளில் சுருதி கொஞ்சம் ஏறித் தெரியும், நட் பள்ளத்தையும் அகலப்படுத்த வேண்டும். மேடையில் ஓங்கி அடிக்கிறவர்களுக்கு 135-ஐச் சொல்வோம். தேவாலயத்தில் மென்மையாக விரல் வாசிப்பவர்களுக்கு 130 போதும்.

மாட்டும்போது செய்யக் கூடாதது ஒன்று: கம்பியை நேராக வைத்து வெட்டுவது. பி கம்பிக்குள் ஒரு மையக் கம்பி, அதன் மேல் அடுக்கடுக்காகச் சுற்று. நேராக வெட்டினால் சுற்று மையத்தின் மேல் நழுவி, கம்பி பிறந்த அன்றே செத்துவிடும். அதற்கு அப்புறம் எந்த செட்டப்பும் அதை எழுப்பாது. டியூனர் தூணைத் தாண்டி 10 முதல் 12 செ.மீ. விட்டு, அந்த இடத்தில் 90 டிகிரி மடக்கி, மடக்குக்கு அப்பால் வெட்டுங்கள். தூணில் இரண்டிலிருந்து மூன்று சுற்று, மேலிருந்து கீழே இறங்கும் வரிசையில். சுற்று கீழே இறங்கினால்தான் நட்டின் மேல் கம்பி அழுந்தி உட்காரும்.

மாட்டிச் சுருதி சேர்த்த பிறகு, பலரும் தாண்டிப் போகும் ஒரு வேலை இருக்கிறது. சேடிலுக்கு முன்னால், அதை ஒட்டினாற்போல், கம்பியைக் கட்டை விரலால் அழுத்தி விடுங்கள். நட்டின் இரு பக்கமும் அப்படியே. தடித்த பி கம்பி சேடிலைத் தாண்டும்போது சட்டென்று மடங்காமல் வில்லாக எழும்பும். கம்பி எங்கிருந்து அதிரத் தொடங்குகிறது என்பதே தெளிவில்லாமல் போகும். இசை மந்தமாக, 'போங்'கென்று வரும். டியூனர் முள் ஆடிக்கொண்டே இருக்கும். ஒரு அழுத்தில் பாதிப் பேரின் பி கம்பிப் புகார் தீர்ந்துவிடும். ரொம்ப அழுத்தினால் கம்பி கோணிப்போகும், பதமாகச் செய்யுங்கள்.

டிரஸ் ராட்

வரிசை மாறக் கூடாது: சுருதி, நெக் வளைவு, நட், சேடில் உயரம், இன்டொனேஷன், கடைசியாகப் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின் சைகையாக்கும் காந்தப் பகுதி). ஒவ்வொன்றும் அடுத்ததை மாற்றும். சேடிலை முதலில் தாழ்த்திவிட்டு அப்புறம் நெக்கைத் தொட்டால் எல்லா வேலையும் மறுபடி.

நெக் வளைவை அளக்க ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) வேண்டும். இதற்கு இசைக் கருவிக் கடை தேடி அலைய வேண்டாம். டேப்பட் இடைவெளி பார்க்க பைக் மெக்கானிக்குகள் வைத்திருப்பதும் இதே கேஜ்தான், ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளில் கிடைக்கும். முதல் ஃபிரெட்டில் கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்) போடுங்கள். நெக் உடலோடு சேரும் ஃபிரெட்டில் பி கம்பியை அழுத்துங்கள். எட்டாவது ஃபிரெட்டின் தலைக்கும் கம்பியின் அடிக்கும் நடுவே இடைவெளி எவ்வளவு? இந்தத் தட்டையான போர்டுக்கு 0.25 முதல் 0.30 மி.மீ. நல்லது. ஓங்கி அடிப்பவர்களுக்கு 0.35 வரை விடலாம். 0.15-க்குக் கீழே இறங்கினால் கீழ் ஃபிரெட்டுகளில் பி கம்பி கடகடக்கும்.

நெக்குக்குள் ஓடி அதன் வளைவைச் சரிசெய்யும் இரும்புத் தண்டுதான் டிரஸ் ராட்; அதன் வாய் தலைப்பக்கம், ஒரு மூடிக்குக் கீழே இருக்கிறது. பேஸோடு வந்த சாவியையே பயன்படுத்துங்கள்; ஏறத்தாழப் பொருந்தும் அலன் கீயை நுழைத்துத் திருகுவதுதான் ராடின் தலையை உருட்டிவிடுவதற்குக் குறுக்கு வழி. தலைப்பக்கத்திலிருந்து உடலை நோக்கிப் பார்த்தால், கடிகார முள் திசையில் திருப்பினால் இறுகும், நெக் நேராகும், இடைவெளி குறையும். எதிர்த்திசையில் தளரும், இடைவெளி கூடும். ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். திருப்பியதும் மறுபடி சுருதி சேர்த்து அளவெடுங்கள். ஐந்து கம்பியின் மொத்த இழுவை நெக்கின் மேல் இருக்கிறது, மரம் முழுதாக நகர்ந்து முடிக்க நேரம் பிடிக்கும். மாலையில் திருப்பிவிட்டுக் காலையில் திரும்ப அளப்பது நல்ல பழக்கம்.

டிரஸ் ராட் ஆக்‌ஷனைத் தாழ்த்தும் திருகு அல்ல. அதைத் திருகி ஆக்‌ஷனைக் குறைக்கும் 'நிபுணர்' யாராவது எதிர்ப்பட்டால் பேஸை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

நட்: உண்மையான வேலை இங்கேதான்

பெட்டியிலிருந்து வரும் பேஸுகளில் அதிகம் குறை வைத்து வருவது நட்தான். பள்ளம் ஆழமாக வெட்டப்பட்டால் திருத்த முடியாது, நட்டையே மாற்ற வேண்டும். அந்தப் பயத்தில் தொழிற்சாலைகள் மேலே விட்டே அனுப்புகின்றன. விளைவு: முதல் மூன்று ஃபிரெட்டில் அழுத்தினால் விரல் வலிக்கும், சுருதி ஏறும். அதைப் பார்த்துவிட்டுப் பிரிட்ஜைத் தாழ்த்துவார்கள். மேல் ஃபிரெட்டுகள் அலறும், கீழ் ஃபிரெட்டுகளில் வலி அப்படியே இருக்கும்.

சோதனை எளிது. கம்பியை மூன்றாவது ஃபிரெட்டில் அழுத்துங்கள். முதல் ஃபிரெட்டுக்கு மேலே கம்பிக்கும் உலோகத்துக்கும் இடையே வெளிச்சம் ஒரு கீற்றாகத் தெரிய வேண்டும்: ஜி கம்பியில் சுமார் 0.1 மி.மீ., பி கம்பியில் 0.2. ஒன்றுமே தெரியாமல் கம்பி ஃபிரெட்டில் படுத்துவிட்டால் பள்ளம் ஆழம்; அழுத்தாமல் வாசிக்கும்போது மட்டும் வரும் கடகடப்பு அதிலிருந்துதான். 0.4, 0.5 என்று இருந்தால் அறுக்க வேண்டும்.

அகலமும் முக்கியம். 130 கம்பி என்றால் 3.30 மி.மீ., 135 என்றால் 3.43. பள்ளம் அதைவிட 0.05 முதல் 0.1 மி.மீ. அகலமாக இருக்க வேண்டும். 130-க்கு வெட்டிய பள்ளத்தில் 135-ஐத் திணித்தால் கம்பி அடிவரை இறங்காது, விளிம்பில் தொங்கும். டியூனரைத் திருப்பும்போது 'டிக்' என்று ஒரு சத்தம், சுருதி ஒரேயடியாகத் தாவும். டியூனர் பழுது என்று முடிவு கட்டிப் புது டியூனர் வாங்குபவர்கள் உண்டு. பழுது பள்ளத்தில்.

நட் அரம் தனியாக வாங்கினால் விலை அதிகம். ஜி, டி கம்பிகளின் பள்ளத்துக்கு நகைப் பட்டறைகளில் பயன்படுத்தும் ஊசி அரத்தில் வட்ட அரம் போதும், காரைக்குடியில் அதற்குப் பஞ்சமில்லை. பி பள்ளத்துக்கு வேறு வழி: பழைய 105 இ கம்பித் துண்டு ஒன்றை எடுத்து 400 நம்பர் உப்புத்தாளை ஒரே ஒரு சுற்று சுற்றி அரத்தைப் போல முன்னும் பின்னும் இழுங்கள். மெதுவாகத்தான் தேயும், மெதுவாகத் தேய்வதுதான் நமக்குத் தேவை. நாலு இழுப்புக்கு ஒரு முறை கம்பியை உட்கார வைத்து அளவு பாருங்கள்.

பள்ளத்தின் அடி சமமாக இருக்கக் கூடாது. ஃபிங்கர்போர்டு பக்கத்து விளிம்பு உயரமாக, அங்கிருந்து டியூனர் பக்கம் சரிவாக இறங்க வேண்டும். சரிவு தலைகீழானாலோ அடி தட்டையாகப் போனாலோ, தம்புராவில் ஜீவா நூல் வைத்ததுபோல ஒரு ரீங்காரம் எழும். தம்புராவுக்கு அது அழகு. பேஸில் ஒலிபெருக்கி வழியாகக் கேட்டால் வயர் பிய்ந்துவிட்டதோ என்று மேடையில் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

சேடில்: 600 மி.மீ. வளைவின் கணக்கு

இப்போது உயரம். 12-வது ஃபிரெட்டில், ஃபிரெட்டின் தலையிலிருந்து கம்பியின் அடிவரை ஸ்டீல் ஸ்கேலால் அளவிடுங்கள். நாங்கள் சொல்லும் தொடக்க அளவு: ஜி 1.8, டி 1.9, ஏ 2.1, இ 2.2, பி 2.5 மி.மீ. திறந்தவெளி மேடையில் மானிட்டர் சரியாக இல்லாமல் கை தானாக ஓங்கும் சூழலில் பி கம்பியை 2.8 வரை ஏற்றலாம். அதற்கும் மேலே போகத் தோன்றினால் கோளாறு வேறு எங்கோ இருக்கிறது.

12-வது ஃபிரெட் கம்பியின் நடுப்புள்ளி. அங்கே அரை மி.மீ. குறைய வேண்டுமென்றால் சேடிலில் ஒரு மி.மீ. இறக்க வேண்டும். இது தெரியாமல் அரை அரையாக இறக்கி 'திருகு வேலை செய்யவில்லை' என்பவர்கள் அதிகம்.

வளைவுக்கு வருவோம். பிரிட்ஜில் இரண்டு ஓரக் கம்பிகளுக்கு நடுவே 4 × 18 = 72 மி.மீ. நடுவில் இருக்கும் ஏ கம்பியிலிருந்து ஓரத்துக்கு 36 மி.மீ. 600 மி.மீ. ஆரத்தில் அந்த 36 மி.மீ. தூரத்துக்கு வளைவு சுமார் 1.1 மி.மீ. இறங்கும், பக்கத்து இ, டி கம்பிகளுக்கு 0.27 மி.மீ. மட்டும். அதாவது ஐந்து சேடில்களின் தலையும் ஒரே மட்டத்தில் இருந்தால் நடுக் கம்பிகள் ஃபிரெட்டில் உரச, ஓரக் கம்பிகள் எழும்பி நிற்கும். கண்ணளவில் பெரிதாக வளைத்து வைத்தால் எதிர்மாறு: பி, ஜி உரசும், ஏ கம்பி உயரும். ஆர்க்கெஸ்ட்ராக்களில் கை மாறி வந்த பேஸுகளில் அடிக்கடி பார்க்கும் குறை இரண்டாவதுதான்; யாரோ பழைய வளைந்த போர்டின் பழக்கத்தில் வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். பிரிட்ஜ் பக்கம் வளைவைச் சரிசெய்துவிட்டு, பி ஓரத்தை மேலே சொன்ன அளவுக்குக் கொஞ்சம் உயர்த்துங்கள்.

ஒவ்வொரு சேடிலுக்கும் இரண்டு உயரத் திருகு. இரண்டும் சமமாக நிற்க வேண்டும். ஒன்று ஏறி ஒன்று இறங்கினால் சேடில் சாய்ந்து கம்பி பக்கவாட்டில் நழுவும்.

சத்தம் எங்கிருந்து வருகிறது என்பதை இடம் சொல்லிவிடும். முதல் ஐந்து ஃபிரெட்டில் மட்டும் கடகடத்தால் நெக் ரொம்ப நேராக அல்லது பின்னால் வளைந்திருக்கிறது: டிரஸ் ராடைத் தளர்த்துங்கள். 12-க்கு மேலே மட்டும் என்றால் நெக் வளைவு அதிகம், அல்லது உடலோடு சேரும் இடத்தில் போர்டு எழும்பியிருக்கிறது. எல்லா இடத்திலும் ஒரே மாதிரி என்றால் சேடில் தாழ்வு. ஒரே ஒரு ஃபிரெட்டில் என்றால் அடுத்த ஃபிரெட் எழும்பி நிற்கிறது. அதற்கு ஃபிரெட் லெவலிங், அதாவது ஃபிரெட்டுகளைச் சமமட்டமாகத் தேய்ப்பது, வேண்டும், சாவியால் ஆகாது. பிளக் போடாமல் கேட்கும் லேசான உரசலைப் பெரிதுபடுத்த வேண்டாம். ஆம்பில் கேட்கிறதா என்பதே கேள்வி.

சேடில் அடிமட்டம் வரை இறங்கியும் ஆக்‌ஷன் உயரமாகவே இருந்தால் நெக்கின் கோணம் போதவில்லை. நெக் போல்ட் போட்டது என்பதால் கழற்றி, குழியில் உடலின் பிரிட்ஜ் பக்க ஓரத்தில் 0.25 முதல் 0.5 மி.மீ. ஷிம் (மெல்லிய அடைப்புத் துண்டு) வைக்கலாம். விசிட்டிங் கார்டு துண்டு வைப்பது பரவலான வழக்கம், வேலையும் செய்கிறது. ஆனால் குழி முழுவதையும் நிறைக்கும், ஒரு பக்கம் சரிவாகச் சீவிய மரச் சீவல் இருந்தால் நெக்குக்கும் உடலுக்கும் நடுவே வெற்றிடம் விழாது. செட்டிநாட்டு வீடுகளின் பழைய தேக்குக் கதவுகளைச் சீர்செய்யும் ஆசாரிமாருக்கு இப்படிச் சீவித் தருவது பெரிய காரியமே இல்லை.

இன்டொனேஷனும் 31 ஹெர்ட்ஸ் தொல்லையும்

12-வது ஃபிரெட்டின் ஹார்மோனிக்கையும் (அழுத்தாமல் விரலால் தொட்டு மட்டும் எழுப்பும் சுரம்) அழுத்திய சுரத்தையும் ஒப்பிடுங்கள். அழுத்தியது ஏறி நின்றால் சேடிலைப் பின்னால் தள்ளுங்கள், இறங்கினால் முன்னால். முடித்துப் பார்த்தால் ஜி சேடில் முன்னால், பி சேடில் எல்லாவற்றுக்கும் பின்னால் என்று ஒரு சரிவு தெரியும். அது இயல்பு.

பி கம்பியில் தொல்லை அளப்பதில்தான். தலையில் மாட்டும் கிளிப் டியூனர்களில் பல 31 ஹெர்ட்ஸில் தடுமாறும். கேபிள் போட்டு பெடல் டியூனரில் பாருங்கள், ட்ரெபிளைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஹார்மோனிக் 61.7 ஹெர்ட்ஸில் வருவதால் அதை எளிதாகப் பிடிக்கும். பேஸை மேசையில் படுக்க வைக்காமல், வாசிக்கிற நிலையில் வைத்து, வாசிக்கிற அளவுக்கே விரலால் அழுத்திப் பாருங்கள். பலமாக அழுத்தினால் தடிக் கம்பி எளிதில் சுருதி ஏறும். பி கம்பியில் மூன்று சென்ட் (ஒரு சென்ட் என்பது அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்கு) வித்தியாசத்தை விட்டுவிடலாம். சேடில் கடைசி வரை பின்னால் போயும் சுருதி ஏறியே நின்றால் சேடிலைக் குறை சொல்வதற்கு முன் நாலு விஷயம் பாருங்கள்: கம்பி பழையதா, சேடிலில் அழுந்தி உட்கார்ந்திருக்கிறதா, நெக் வளைவு அதிகமா, ஆக்‌ஷன் உயரமா. நாலும் சரி என்றால் திருகில் இருக்கும் ஸ்பிரிங்கைப் பாதியாக வெட்டிப் போட்டால் இன்னும் ஓரிரு மி.மீ. இடம் கிடைக்கும்.

பிக்கப்பில் நீண்ட வேலை இல்லை. கடைசி ஃபிரெட்டில் அழுத்தி, பி பக்கம் 3 முதல் 4 மி.மீ., ஜி பக்கம் 2 முதல் 2.5 மி.மீ. இதில் இருப்பவை செராமிக் காந்தம் போட்ட பிக்கப்கள். ரொம்ப ஏற்றினால் காந்தம் கம்பியை இழுத்து, பி கம்பியில் ஒரு சுரத்தில் இரண்டு சுரம் அலைவதுபோல் கேட்கும். சத்தம் போதவில்லை என்றால் பிக்கப்பை ஏற்றாதீர்கள், வால்யூமை ஏற்றுங்கள்.

இந்த ஊர் வானிலையில்

சித்திரை, வைகாசியில் காய்ந்த வெயில். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவ மழை. செட்டிநாட்டில் ஒரு பேஸின் நெக் வருடத்துக்கு இரண்டு முறையாவது நகரும். எந்தப் பக்கம் நகரும் என்பது நெக்குக்கு நெக் மாறும், அதனால் பக்கத்து வீட்டுக்காரர் திருப்பிய திசையில் நீங்களும் திருப்பாதீர்கள். ஃபீலர் கேஜ் சொல்வதைக் கேளுங்கள். இந்தப் பேஸின் ஐந்து துண்டு நெக் ஒற்றைத் துண்டைவிட நிலையாக நிற்கும் என்பது இங்கே நல்ல பலம், ஆனாலும் அளந்து பார்க்காமல் விடக்கூடாது.

கோடையில் இன்னொன்று நடக்கும். போர்டு சுருங்கி ஃபிரெட்டின் நுனிகள் ஓரத்தில் துருத்தி, கையை நெக்கில் ஓட்டினால் கீறும். கோணத்தில் பிடித்த சிறிய தட்டை அரத்தால் நுனியை மட்டும் மெல்ல உருட்டலாம். மரத்தில் அரம் படாமல் ஓரத்தில் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். போர்டுக்கு வருடத்தில் ஓரிரு முறை மினரல் ஆயில் ஒரு சில சொட்டு, உடனே துடைத்துவிட வேண்டும். தேங்காயெண்ணெயும் நல்லெண்ணெயும் தலைக்கு. மரத்தில் அவை கெட்டு வாடை வரும், பிசுபிசுக்கும்.

துரு அடுத்த விஷயம். உலோக அரிப்பை ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் 1953 முதல் இயங்கும் ஊர் காரைக்குடி, ஆனாலும் மேடையிலிருந்து இறங்கிய வேர்வைக் கம்பியைத் துடைக்காமல் உறையில் போட்டு மூடும் பழக்கம் போகவில்லை. துணியால் கம்பியின் அடிப்பக்கத்தையும் சேர்த்துத் துடையுங்கள். ஸ்டெயின்லெஸ் கம்பி துருவை நன்றாகத் தாங்கும், பதிலுக்கு ஃபிரெட்டைச் சீக்கிரம் தேய்க்கும். திருவிழாக் காலத்தில் நிறைய வாசிப்பவர்களுக்கு இது யோசிக்க வேண்டிய பேரம்.

வைக்கும் இடம்: சுண்ணாம்புச் சுவர் வீடுகளின் உள்ளறை பேஸுக்கு அருமையான இடம், வெயிலும் ஈரமும் மெல்லத்தான் எட்டும். தகரக் கூரைக்கு அடியிலோ பகல் முழுக்க மூடிய காரிலோ வைப்பது நெக்கைக் கேட்காமல் திருப்புவதற்குச் சமம். ஆத்தங்குடித் தளத்தில் சுவரில் சாய்த்து வைக்காதீர்கள். வழுவழுப்பில் அடி நழுவி விழுந்தால் முதலில் அடிபடுவது டியூனர்கள், அடுத்தது நட்.

செட்டப்பைக் காசு கொடுத்துச் செய்யலாமா

கம்பி மாற்றி உயரம் வைத்துத் தரும் கடைகள் இந்தப் பக்கம் உண்டு. கொடுப்பதற்கு முன் இவற்றைக் கேளுங்கள்: நெக் வளைவை எதால் அளப்பீர்கள், நட் பள்ளத்தைத் தொடுவீர்களா, பி கம்பியின் இன்டொனேஷனை எந்த டியூனரில் பார்ப்பீர்கள். 'கண்ணாலேயே தெரியும்' என்ற பதில் வந்தால் வேலை சேடிலோடு நிற்கும் என்று அர்த்தம். அந்த அளவு வேலையை நீங்களே வீட்டில் செய்யலாம்; டிரஸ் ராடையும் சேடிலையும் தப்பாகத் திருப்பினாலும் திரும்பக் கொண்டுவர முடியும். நட்டை ஆழமாக அறுத்துவிட்டால் திரும்ப முடியாது, ஃபிரெட்டைத் தேய்த்துவிட்டாலும் அப்படித்தான். கை பழகாதவர்கள் அந்த இரண்டுக்கும் திருச்சி, மதுரை, சென்னை என்று அனுபவமுள்ளவர் இருக்கும் இடத்துக்கு அனுப்புவதே லாபம். அனுப்பும்போது நீங்கள் போடும் கம்பி அளவையே மாட்டி அனுப்புங்கள். 130-க்கு வெட்டி வாங்கிவிட்டு வீட்டில் 135 மாட்டினால் கொடுத்த கூலி வீண்.

யார் வாங்கலாம்

நாலு கம்பியிலிருந்து மாறுகிறவர், சிறிய கை உள்ளவர், ஒரே மேடையில் மெலடியும் குத்தும் மாறி மாறி வாசிக்க வேண்டியவர்: தயங்காமல் வாங்கலாம். சுவிட்சைத் திருப்பினால் ஒலியின் முகமே மாறுவதால் ஆர்க்கெஸ்ட்ராவுக்கு இது வசதி. அகன்ற இடைவெளி வேண்டும் என்பவர்களுக்கும், பேட்டரி இல்லாமலும் ஒலிக்க வேண்டும் என்பவர்களுக்கும் இது இல்லை. இடைவேளையில் பிளக்கைப் பிடுங்கி வைக்கும் பழக்கம் இல்லாதவர்கள் உறையில் உபரி பேட்டரி வைத்துக்கொண்டே ஆக வேண்டும். ஜாக்கில் பிளக் செருகியிருக்கும்வரை பேட்டரி ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

பழையதாக வாங்குகிறீர்கள் என்றால் விலை பேசும் முன் டிரஸ் ராட் மூடியைக் கழற்றிச் சாவியைப் போட்டுப் பாருங்கள். கொஞ்சம் தளர்த்தி மறுபடி பழைய இடத்துக்கு வரும்படி இரு பக்கமும் அது அசைய வேண்டும். சாவி வழுக்கினாலோ, ராட் ஏற்கெனவே முழுக்க இறுகியும் நெக் இன்னும் வளைந்திருந்தாலோ, விலையைக் குறைத்துப் பேசாதீர்கள், பேஸை வைத்துவிட்டு வாருங்கள். அடுத்து பி கம்பியில் எல்லா ஃபிரெட்டையும் ஒவ்வொன்றாக வாசியுங்கள். ஒரு இடத்தில் மட்டும் ஓசை சட்டென்று செத்தால் புதுக் கம்பி மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். கம்பி மாற்றியும் அதே ஃபிரெட்டில் சாகிறது என்றால் அது நெக்கின் குணம், செட்டப்பில் போகாது.